தேய்வாத்தா மடமும் நாலாம் நம்பர் பிரஸ்ஸும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூர்த் தூறல். ஒழுங்காக நனைக்கவும் நனைக்காது, விட்டும் தொலைக்காது. ஈர சாக்ஸோடு ஏ ஷிப்ட்.

இன்று பார்த்தவை: கம்ப்ரஸர் பெல்ட். கேன்டீன் கிரைண்டர் ஸ்விட்ச் (இது மெயின்டனன்ஸ் வேலையா? யாரிடம் கேட்பது). பிரஸ் 4, லைட் கர்ட்டன்.

கடைசியானது எரிச்சல். ஆபரேட்டர் கை உள்ளே இருந்தால், தகடு வெட்டும் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய ஒளித்திரை. சென்சார் போய்விட்டதால் கை இல்லாவிட்டாலும் நிறுத்துகிறது. புதுசு வர பத்து நாள். ஓட்டியே ஆக வேண்டும் என்று இன்சார்ஜ் பரமசிவம் சார் தலைமேல் நின்றார். பேனலைத் திறந்து இரண்டு வயரைச் சேர்த்து ஜம்பர் போட்டுவிட்டேன். இனி கை போனாலும் பிரஸ்ஸுக்குத் தெரியாது. இரண்டு நிமிட வேலை.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் ஆட்டம், நானே கற்பனை நாடு ஒன்றை வைத்து உண்டாக்கிய அட்டை ஆட்டம். நாலாவது மடம் ஒருவழியாக முடிந்தது. என் நாட்டின் சாமிகள், இதுவரை:

அளவன். இவன் மடத்தார் ‘சுமார்’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு நாள் மௌனம்.

கனலி. உலைகளின் தாய். மடத்தார் புருவம் மழிப்பார்கள், ஆறிய சோறு தொடமாட்டார்கள்.

எல்லைக்காரி. மடத்தார் அடுத்தடுத்த இரண்டு இரவு ஆற்றின் ஒரே கரையில் தங்கக் கூடாது. சத்தியம் செய்வது எதிர்க்கரைப் பாஷையில்.

தேய்வாத்தா. கோயில் கிடையாது. சிலைக்கு முகம் கிடையாது, தொட்டுத் தொட்டு வழித்துவிட்டார்கள். மடத்தார் ஊர் ஊராகப் போய் பாலம், சக்கரம், கிணற்றுக் கயிறு எல்லாம் பார்ப்பார்கள். நியமம்: தேய்ந்ததை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லி அறிவி. சரியாகும்வரை கை வைக்காதே. தெரிந்தும் மறைத்தவனுக்கு எந்த மடத்திலும் இடமில்லை.

அட்டைகள் பேக்கிங் கார்ட்டனில் வெட்டியவை. பகடை ஒரு பெரிய நட், ஆறு பக்கத்திலும் எண் பஞ்ச் அடித்தது. ஆட்கள் எட்டு. பிரஸ் ஆபரேட்டர் நாகவேணி அக்கா மட்டும் இத்தனை நாள் எந்த மடத்திலும் சேராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தளிப் பக்கம், வீட்டில் கன்னடம், வாயில் எல்லாப் பாஷையும். இன்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். “எனக்கு இந்த ஆத்தாதான். மத்த மூணும் ஆபீசர் சாமிங்க.”

சிலிண்டர் காலி. புக் பண்ண வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

சனியன் பிடித்த நாள்.

காலை எட்டே காலுக்கு பிரஸ் ஷாப்பிலிருந்து போன். நா. அக்கா பிரஸ் 4-ஐ ஓட்ட மாட்டேன் என்கிறார். ஆரம்பிக்கும் முன் ஒரு அட்டைப் பட்டையை உள்ளே நீட்டிப் பார்த்திருக்கிறார். பிரஸ் நிற்கவில்லை. பட்டை நசுங்கி வந்திருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்து, அக்கம்பக்கம் நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தி, நாலாம் நம்பர் தேய்ந்துவிட்டது, கை வைக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு மடத்து நேமம் என்று பதில்.

பரமசிவம் சார் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, ஒங்க ஆத்தா பெர்மிஷன் குடுக்க மாட்டாளாம்லா?” சுற்றி நின்றவர்கள் சிரிப்பு. எனக்குக் காது சூடானது.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அது ஆட்டம், கேன்டீனோடு சரி, இங்கே கொண்டுவராதீர்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

“ஆட்டம்னு எனக்குத் தெரியாதா கார்த்தி? சாமி நீ செஞ்சது. வெரலு எங்கம்மா பெத்தது.”

பேனலைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன். பத்து மணிக்கு அவரை வேலை தராமல் டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

எச்.ஆர். கூப்பிட்டார். மேஜையில் எங்கள் ஆட்டக்காரர்களின் வாட்ஸப் குரூப் பிரின்ட். குரூப் பெயர் திங்களிலிருந்து ‘தேய்வாத்தா மடம்’. மஞ்சள் மார்க்கர் போட்ட வார்த்தைகள்: மடம், நியமம், அறிவி, கை வைக்காதே. எந்த யூனியன், வெளியிலிருந்து யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். யூனியன் இல்லை என்றேன். அப்படியானால் எந்த மதம் என்றார். கால் மணி நேரம் நாலு சாமியையும் விளக்கினேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, “இந்தக் கனலி கோயில் எங்கப்பா இருக்கு? பாகலூர் ரோட்லயா?”

என் பையில் இருக்கிறது என்று அட்டையை எடுத்து வைத்தேன். சிரிக்கவில்லை மனுஷன்.

வெள்ளிக்குள் ஒரு லெட்டர் வேண்டுமாம். மூன்று வரி.
1. குரூப் கலைக்கப்பட்டது.
2. ஆபரேட்டர் விளையாட்டை நம்பித் தவறாக நடந்துகொண்டார்.
3. பிரஸ் 4 நல்ல நிலையில் இருந்தது.

முதலிரண்டு போகட்டும். மூன்றாவதுதான் விஷயம். மெயின்டனன்ஸ் ஆள் அதில் கையெழுத்துப் போட்டால் அக்கா காரணமில்லாமல் வேலையை மறுத்தவர். கான்ட்ராக்ட் ஆள்தானே, திங்களிலிருந்து கான்ட்ராக்டர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். போடாவிட்டால், அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வர வேண்டிய கன்ஃபர்மேஷன் வராது. அதை அவர் சொல்லவில்லை. ஃபைலைத் தட்டிக் காட்டினார்.

டிப்ளமோவில் எலெக்ட்ரிகல், எண்பத்தேழு சதவீதம். பொய் எழுத டிரெய்னிங் தரவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். சாக்ஸ் காய்ந்தது.

குரூப்பிலிருந்து மூன்று பேர் வெளியேறிவிட்டார்கள். குவாலிட்டி ராஜேஷ், அளவன் மடத்தின் தலைவன், போகும்போது போட்ட மெசேஜ்: “சுமார் ஒரு மாசம் ஆட்டம் வேணாம் மச்சி.” சுமார். அவனுக்கு ஒரு நாள் மௌனம் விதிக்கிறேன்.

பிரஸ் 4-இல் புது ஆள். நேற்றுச் சேர்ந்தவன், ஒடியா மட்டும் தெரியும். பீஸ் சிக்கினால் கையை விட்டு எடுக்கிறான். கையால் எடுக்காதே, டாங்ஸ் வைத்து எடு என்று சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டு மறுபடி கை. மதியம்வரை அங்கேயே நின்றேன். என்ன வேலை இங்கே என்று பரமசிவம் சார் கேட்டார். மோட்டார் சூடு பார்க்கிறேன் என்றேன். மோட்டார் சூடே இல்லை.

போகிற வழியில் டைம் ஆபீஸ் பெஞ்ச். அக்கா மூன்றாவது நாளாக. தண்ணி பாட்டிலும் டிபன் பாக்ஸும். லெட்டர் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, யார் சொன்னார்களோ. அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“இந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடுது. எழுதிக்க. நேமம்.”

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஜம்பர் போட்டது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

“பேனலு சாவி உன்னாண்டதானே கீது? வேற எவன் போட்டிருப்பான்? மொத நாளே தெரியும் போ.”

அறைக்கு வந்து லெட்டரை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ‘தெரிந்தும் மறைத்தவனுக்கு எந்த மடத்திலும் இடமில்லை.’ எழுதியவன் நான். இரண்டு டீ குடித்துக்கொண்டே எழுதினேன், வாக்கியம் நன்றாக இருக்கிறதே என்று வைத்தேன். அதை ஆட்டத்தில் யாருமே மீறவில்லை. மீறியது ஒரே ஆள்.

சிலிண்டர் இன்னும் வரவில்லை. பிரெட்.

ஜூலை 11, வெள்ளி

மணி 10:40. இதை பிரஸ் ஷாப்பிலேயே, பீஸ் போடும் தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லெட்டர் எழுதவில்லை. எட்டு மணிக்கு நேராக பிரஸ் 4. மெயினை ஆஃப் பண்ணினேன். ஒடிசாக்காரன் திகைத்து விலகினான். பேனலைத் திறந்து ஜம்பரைப் பிடுங்கி எடுத்தேன். நாலு பேர் போதும், ஷிப்ட் மொத்தமும் பார்த்தது. சத்தமாகச் சொன்னேன். இது என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

“நாலாம் நம்பர். லைட் கர்ட்டன் வேலை செய்யல. திங்கக்கெழமை ஜம்பர் போட்டது நான். புது சென்சார் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.”

பரமசிவம் சார் ஓடி வந்தார். வேலை போய்விடும் தம்பி என்றார். போகட்டும் சார், பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். போடவில்லை. அப்படியே நின்றார். நானும் நின்றேன்.

அப்போது ஏழாம் நம்பரிலிருந்து ஒரு குரல். கால் பெடலுக்குக் காப்பு மூடி இல்லை. ஆட்டத்துக்கே வராத ஆள். பிறகு இரண்டாம் நம்பர், தெலுங்கில்: பிரேக் வழுக்குகிறது. ஒன்பது: இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய பட்டனில் ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருக்கிறார்கள். அது எனக்கே தெரியாது. சொன்னவர்கள் சொல்லிவிட்டு அவரவர் பிரஸ்ஸை ஆஃப் பண்ணினார்கள். யாரும் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி, ஒவ்வொருவராக. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இந்த ஷாப் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. வெளியே லாரி ரிவர்ஸ் எடுப்பது கேட்கிறது.

ஒன்பதரைக்கு அக்கா வந்தார். யாரும் கூப்பிடவில்லை, செக்யூரிட்டி தடுக்கவும் இல்லை. நோட்டை வாங்கிப் படித்தார்.

“இதத்தான் செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கலாமில்ல? மூணு நாளு என் முதுகு போச்சு.”

சொல்லியிருக்கலாம் அக்கா என்றேன். அப்போதுதான் பரமசிவம் சார் பேனாவைக் கேட்டார். ரிஜிஸ்டரில் பிரஸ் 4-க்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமல், “ஏழையும் எழுது” என்றார்.

எழுதியாயிற்று. இதுவரை பதினொன்று.

எச்.ஆர். வருகிறார், கூட இரண்டு பேர். அக்கா எனக்கு முன்னால் போய் நிற்கிறார். நகரச் சொன்னேன், கேட்கவில்லை. ஒன்றிலிருந்து ஆரம்பித்து வாசிக்கப் போகிறேன்.