அய்யாவு அண்ணன் வீட்டுக்குச் சொன்ன செய்தி

குவைத், 1998

அன்புள்ள அப்பாவுக்கு,
ஆன்டோ எழுதுவது. மாதா புண்ணியத்தில் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறார்களா?

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுக் கிடங்கில் மூட்டை தூக்கும் என் கதியைச் சொல்லி, வரலாறு வேண்டாம், நர்சிங் படி என்று தங்கை விண்ணரசிக்கு எழுதச் சொன்னீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் என் அறையிலிருந்த நாகப்பட்டினத்து அய்யாவு அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. அவர் மனைவிக்கு யார் சொல்வது? "நீதானப்பா தமிழ் படிச்சவன்" என்று அறையிலிருந்தவர்கள் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். படித்த ஒரு வார்த்தையும் வரவில்லை, அப்பா. "அண்ணி" என்றதுமே அழுதுவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அழுதுகொண்டே, "கடைசியா என்ன தம்பி பேசினாரு?" என்று கேட்டார். மகள் பூமிகாவுக்குப் பல் விழுந்ததைச் சொல்லி அண்ணன் சிரித்ததைச் சொன்னேன். "இன்னும் சொல்லுங்க" என்றார். நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன்.

நர்சிங் படித்தால் வேலை நிச்சயம். அது தெரியும். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு வரலாறு வேண்டாம் என்று என் கையால் எழுத வரவில்லை. அவள் இஷ்டப்படி விடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் பட்டுக்கோட்டை டேவிட்சன் லீவில் ஊருக்கு வருகிறார். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது. பாட்டிலை நாலைந்து தமிழ்ப் பேப்பரில் சுற்றுங்கள் அப்பா, இங்கே படிக்க ஒன்றுமில்லை.

உங்கள் மகன்,
ஆன்டோ