எலிகளுக்குப் போர்த்திய சாரம்

வெள்ளையம்மா,

நேற்றுப் பொரளைச் சந்தியில் ஜட்டியோடு நின்றேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

குண்டு வெடித்து எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையின் கண்ணாடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. டொக்டர் மனித உயிரணுக்களை ஊசியால் ஏற்றி வளர்க்கும் எலிகள் அவை. நோயை எதிர்க்கும் சக்தி அவற்றுக்குச் சொந்தமாகக் கிடையாது. நம்முடைய உயிரணு உள்ளே வளர்ந்துதான் அதைக் கொடுக்கவேண்டுமாம். தூசி பட்டாலே செத்துவிடும். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கூண்டை மூடிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன்.

ஆமிக்காரன் மறித்து, சிங்களத்தில் கேட்டான்: "உள்ளே என்ன?"

"எலி, மாத்தையா. மனுச ரத்தம் ஏத்துன எலி."

"யாருடைய ரத்தம்? தமிழனுடையதா, சிங்களவனுடையதா?"

"எலிகிட்டயே கேளுங்க, மாத்தையா."

துவக்குப் பிடியால் வாயில் இடித்தான். முன்பல் இரண்டும் போயின. விழுந்தும் கூண்டை விடவில்லை. இனி முறுக்குச் சுடாதே.

குண்டு வெடித்தபோது கூண்டு கழுவும் அழகர் கண்ணாடிப் பக்கம்தான் நின்றான். அவன் பெண்சாதி கேட்டால் ஒன்றும் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

எலிகள் பிழைக்குமா என்பது விடிந்தால்தான் தெரியும் என்றார் டொக்டர். காலையில் சாரத்தை எடுத்தேன். பின்பக்கத்தில் பெரிய ஓட்டை. தின்றிருக்கின்றன.

உன்,
பொக்கைவாயன்