அகரவரிசையில் முதலில் வந்தது

ஆகஸ்ட் 4, திங்கள்

ப்ரெஸ்ஸில் இன்று முழுக்க 2026 தினசரி காலண்டருக்கு ப்ரூப் பார்த்தேன். முகூர்த்த நாள்கள் சரியா என்று ஒவ்வொரு தாளாகப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. ஊருக்கெல்லாம் கல்யாண நாள் பார்த்துக் கொடுப்பவளுக்கு வயது முப்பது, கையில் இருப்பது ஒரே ஒரு வரன்.

மல்லாங்கிணறு செந்தூர்பாண்டி. நாற்பத்து நான்கு வயது, ஹார்டுவேர் கடை, மனைவி இறந்து நான்கு வருடம், ஏழாவது படிக்கும் மகள். ஆனியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்ததும் பூ வைக்கலாம் என்று பேச்சு. அதற்குள் நான் சரி சொல்ல வேண்டும். "வீடு தேடி வந்த சீதேவிய எட்டி உதைக்காத சுகிர்தா" என்கிறாள் அம்மா.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்றரை வருடத்தில் வந்த அத்தனை போனும் ஏன் மனைவியை இழந்தவர்களிடமிருந்தே வருகிறது? எங்கள் சங்கத்தின் கல்யாண வெப்சைட்டில் அப்பாதான் அவர் போனிலேயே என்னைப் பதிந்தார். இன்றுதான் நானே திறந்து பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில், ப்ரெஸ்ஸில் வைத்துத் திறந்தது என் புத்தி. தொட்டதும் கெட்டிமேளம்! நிறுத்தப் பொத்தானே கிடையாது. மெஷின் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வாயைப் பொத்துவது போலப் போனைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

உள்ளே போனால் கல்யாணப் பத்திரிகையை அப்படியே திரையில் ஒட்டியது போல இருக்கிறது. பிள்ளையார், குத்துவிளக்கு, தாமரை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நகைக்கடை விளம்பரம். அதை மூடும் குறி கடுகு அளவு. தொட்டால் மூடாமல் நகைக்கடைக்கே கூட்டிப் போகிறது. பிறந்த வருடப் பட்டியல் 2025-இல் தொடங்குகிறது. தொட்டில் பிள்ளைக்கு யார் வரன் தேடுகிறார்கள்? 1995 வரைக்கும் தள்ளித் தள்ளி விரல் தேய்ந்தது. பின்கோடில் ஓர் எண் தப்பினால் நிரப்பியது அத்தனையும் அழிந்துவிடுகிறது. கடைசியில், என் பக்கம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் பார்க்க வழியே இல்லை. சீ என்று மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அப்பா கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்றேன்.

மனிதர் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசும்போது, "பழச நான் கேக்க மாட்டேன், நீங்க கவலப்படாதீக" என்றாரே, அது என்ன? எனக்கு என்ன பழசு? யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்களா?

ஆகஸ்ட் 11, திங்கள்

வெள்ளிக்கிழமை அம்மா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்ததும் சரி சொல்லிவிடுவதாக முடிவு. அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பைண்டிங் பிரிவு ஓவியா தன் தம்பிக்குப் பெண் தேடுகிறாள், அதே வெப்சைட்டில். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏ சுகிர்தா, உனக்கு எப்ப மொதக் கல்யாணம் ஆச்சு? எங்கிட்டகூடச் சொல்லலையே."

போனை வாங்கிப் பார்த்தேன். என் படம், என் பெயர், கீழே: மணநிலை — மறுமணம்.

அவள் போனிலேயே புதிதாகப் பதிவதுபோல் பார்த்தோம். அந்தக் கட்டத்தில் இரண்டே வார்த்தைகள், அகரவரிசையில். மறுமணம், முதல் மணம். முதலில் இருப்பது தானாகவே விழுந்து கிடக்கிறது. தொடாமல் விட்டவர்கள் எல்லோருக்கும் மறுமணம்! இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

முதலில் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எம்புட்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு மூக்கப் பாத்தேன், நெறத்தப் பாத்தேன்... அம்மா ஜாதகத்தத் தூக்கிட்டு ஏறாத கோயில் இல்ல. எங்கிட்ட ஒரு கொறையும் இல்ல. ஒண்ணுமே இல்ல! ஒரு டப்பா சைட்டு!

செந்தூர்பாண்டி சொன்ன "பழசு"ம் இதுதான். பாவம், நாகரிகமாகத்தான் பேசியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நான் அதத் தொடவே இல்லையே தாயி" என்றார்.

"தொடாததுதாம்ப்பா வினை."

ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த வெப்சைட்டில் யாரால்தான் தப்புச் செய்யாமல் வெளியே வர முடியும்?

ஆகஸ்ட் 14, வியாழன்

லீவு போட்டுவிட்டு ஓவியாவுடன் சங்க அலுவலகம் போனேன். வெப்சைட் செய்தது செயலாளர் மகன் மணிகண்டராஜ். "பாத்துப் போட வேண்டியது உங்க பொறுப்புல்லக்கா?" என்றான்.

"நீயே நிரப்பி வச்சிட்டா நாங்க எதப் பாக்க? வெறுமனே விட்டுருந்தா பாத்திருப்போம்ல" என்றாள் ஓவியா. நான் சொல்ல நினைத்ததை அவள் சத்தமாகச் சொன்னாள்.

முனகிக்கொண்டே என் பதிவைத் திருத்தி, பாரத்தையும் மாற்றினான். இனி அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். நிரப்பாமல் மேலே போக முடியாது. ஏற்கனவே பதிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்பதாகச் செயலாளர் சொன்னார். கெட்டிமேளத்தையும் எடுக்கச் சொன்னேன். அது மங்களகரமாம், எடுக்க மாட்டார்களாம்.

சாயங்காலத்துக்குள் நான்கு வரன். அம்மா போனுக்கே திருஷ்டி சுற்றிப் போட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், உண்மையிலேயே மறுமணம் என்று போட வேண்டிய ஒரு பெண்ணுக்கு? அவள் எதைத் திருத்துவாள்?

ஆகஸ்ட் 16, சனி

செந்தூர்பாண்டியிடம் அப்பா பேசுவதாகச் சொன்னார். அவரைத் தடுத்துவிட்டு நானே போனில் பேசினேன். நடந்ததை அப்படியே சொன்னேன், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பதையும். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப உங்களுக்கு யாரும் எறந்து போகலையா?"

"இல்லைங்க."

"நல்லதும்மா. ரொம்ப நல்லது." பிறகு சிரித்தார். "நம்மள மாதிரி பட்டவுகன்னு நெனச்சேன். உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் ஒண்ணும் கேக்காம வந்தேன். எங்கம்மா நெருக்குனாக. எனக்கு இப்பதைக்குப் பாப்பா போதும். நீங்க சொன்னதும் எனக்கே மூச்சு வந்த மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். பெண் பார்க்க வந்த அன்று இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால்!

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு முப்பத்தொன்று, எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ப்ரெஸ் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார் அவர் அம்மா. விட மாட்டேன் என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா முகம் சுருங்கியது. அப்பா சட்டியில் மிச்சமிருந்த கேசரியை வழித்து என் தட்டில் போட்டார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.