காற்று பிரித்த நீலம்

இன்று நம் திருப்பதிக் கல்லூரியின் பழைய ஆய்வுக்கூடத்து அலமாரியைத் துடைத்தபோது ஒரு குப்பியின் மூடி தளர்ந்து ஃபார்மலின் வாடை வந்தது. உள்ளே, நாம் பழவேற்காட்டில் பொறுக்கிய பாய்மரப் பிராணி. நீலமெல்லாம் போய் வெங்காயத் தோல் மாதிரி கிடக்கிறது. நான் இப்போது இங்கேயே மாணவிகளுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர்.

அன்று கரை முழுக்க நீலம். உள்ளங்கையில் அடங்கும் தட்டு, அதன்மேல் கண்ணாடி போல ஒரு சின்னப் பாய். நீந்தத் தெரியாது, காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும். அன்றுதான் முதன்முதலில் கடலைப் பார்த்த நீ, முழங்கால் நீரில் நின்று, "இத்த பொரிச்சித் துன்னலாமாடி?" என்றாய். நம்மைக் கூட்டிவந்த படகுக்காரர் சிரித்துவிட்டார்.

சிலவற்றில் பாய் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருப்பதை நீதான் பார்த்தாய். சேர்ந்தே மிதந்தாலும் ஒரே காற்று அவற்றை வெவ்வேறு திசைக்குத் தள்ளிவிடும் என்று பிறகு படித்தோம். விடுதி மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம், அவை இப்போது எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கும் என்று பேசுவோம். பட்டம் வாங்கியதும் கடலோரத்தில் வேலைக்குப் போவேன் என்பாய்.

அந்த வருஷம் ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் நடுவே எல்லை முடிவானது. திருத்தணிப் பக்கத்து உன் ஊர் மெட்ராஸுக்குப் போனது. பாகாலா பக்கத்து என் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. திருப்பதியில் வாங்கும் பட்டம் இனி அங்கே செல்லாது என்று யாரோ உன் நைனாவிடம் சொல்லிவிட்டார்கள். கடைசி வருஷத்துக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்றார்.

விடுமுறைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுடி. உன்னத்தான் வெவரமான பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

வருகிறேன் என்றேன். ரேணிகுண்டா வரை வந்தேன். உன் ஊர் ரயில் வந்து நின்றது. உன் நைனா முன் நின்று பேசப் பயந்துவிட்டேன். ரயில் போகும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காய்ச்சல் என்று பொய் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீ கார்டு போட்டாய். அடுத்து வந்தது உன் கல்யாணப் பத்திரிகை. அதற்கடுத்து, பிரசவத்தில் நீ போய்விட்டாய் என்று உன் தங்கையின் கடிதம்.

"இந்தப் பட்டம் ரெண்டு பக்கமும் செல்லும், ஐயா." அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவியின் தகப்பனார் அவள் படிப்பை நிறுத்திக் கூட்டிப்போக வந்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவள் படிப்பை முடிக்கட்டும் என்று பேசினேன். யோசிக்கிறேன் என்று மகளை அழைத்துக்கொண்டு போனார். இன்னும் பதில் இல்லை.

நாளை அவர் வீட்டுக்கே போகிறேன்.