உங்களுக்கு போன் வரும் என்றேன்

செவ்வாய், இரவு

மதியம் திருப்பதியில் ஒரு பயிற்சி விமானம் விழுந்தது. தரையைத் தொட்டு, நிற்காமல் மறுபடி ஏறிப் பழகும் பயிற்சி. ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடுதளத்தை ஒட்டிய வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்துவிட்டது. தனியாக ஓட்டிய மாணவி அங்கேயே இறந்துபோனாள். எஸ்.ஐ. என்னிடம் பெயரைச் சொன்னார். வீட்டுக்குத் தகவல் போகும்வரை வெளியே விட வேண்டாம் என்றார். இத்தனை வருட நிருபர் வேலையில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். "பயிற்சி மாணவி பலி" என்று மட்டும் அனுப்பினேன்.

அது டிவியில் ஓடிய கொஞ்ச நேரத்தில் நகரியிலிருந்து முனிரத்தினம் அழைத்தார். விசைத்தறி ஓட்டுபவர். மகள் பைலட் படிப்பில் சேர்ந்தபோது அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன். "நைனா தறி ஓட்டறாரு, நான் பிளேன் ஓட்டப் போறேன், அவ்ளோதான் சார்" என்று சிரித்தாள்.

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்திப் பேசினார்.

"பொண்ணு போன் எடுக்கல சார். பறக்கப் போனா ஆஃப் பண்ணிடும், தெரியும். அங்க நாலு பொண்ணுங்க படிச்சிக்கினு இருக்குது. பேரு வேணாம். நம்ம பொண்ணு இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"போலீஸ்லருந்து உங்களுக்கு போன் வரும், முனிரத்தினம்."

"எனக்கா?" என்றார். "நாலு பேர்ல எனக்கா சார் வரும்?"

யாரிடமோ தறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.