ஆங்கிலத்தில் ‘நீங்க’ இல்லை

ஜூன் 4

வகுப்பில் இன்றும் நான் தலையாட்டி பொம்மைதான். பல்கலைக்கழகப் படிப்பு தொடங்குமுன் ஆங்கிலத்தில் வாதாடிக் காட்டித் தேற வேண்டுமாம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. வட்டமாக எட்டுப் பேர். என் கணவர் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பேசினார். டீச்சர் என் கருத்தைக் கேட்டார். “அவர் சொன்னதேதான்” என்றேன். அவர் என்ன சொன்னார் என்றே நான் கவனிக்கவில்லை.

ஜூன் 6

இருவருக்குமே இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் பாப்பா சின்னவள். ஒருவர் ஒரு வருஷம் தள்ளிப்போட்டாக வேண்டும். “நான் முதல்ல முடிச்சிடறேன், அப்புறம் நீ” என்றார், பல் தேய்த்துக்கொண்டே. நான் சரி என்றேனா? துண்டை நீட்டினேன். அதுவே சம்மதமாகிவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 11

டீச்சர் சொன்னது: எதிராளியின் வாதத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு மறுங்கள். ஆளை விடுங்கள், கருத்தைப் பிடியுங்கள். ஆதாரம் கேளுங்கள்.

என் கணவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜூன் 13

நாளை நானும் அவரும் எதிரெதிர்ப் பக்கம். வகுப்புக்கு வருவதைக் கட்டாயமாக்கலாமா என்பது தலைப்பு. “பயப்படாதே, விட்டுக்கொடுத்துப் பேசறேன்” என்றார். என்ன பெருந்தன்மை!

ஜூன் 14

பாதி பயம், பாதி சிரிப்பு.

தமிழில் ‘நீங்க’ என்று தொடங்கினாலே என் குரல் பாதி இறங்கிவிடும். ஆங்கிலத்தில் அவரும் ‘யூ’, டீச்சரும் ‘யூ’, வாசலில் கத்துகிற பூனையும் ‘யூ’. “எல்லாருக்கும் தெரிந்ததுதான்...” என்று ஆரம்பித்தார். “யாருக்கு? எந்த ஆய்வில் இருக்கிறது?” என்றேன். இலக்கணம் தப்பு, கேள்வி தப்பில்லை. குறுக்கே புகுந்தார். “நான் இன்னும் முடிக்கவில்லை” என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 15

இன்று முழுக்க அவர் பேசிய ஒரே வார்த்தை: “உப்பு.”

ஜூன் 16

பாப்பா பூங்காவில் சறுக்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நாங்கள்.

“அத்தனை பேர் முன்னாடி மடக்கிட்டியே.”

“உங்க கருத்தைத்தான் மடக்கினேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டார். இதுதான் சமயம். ஆனால் இதைத் தமிழில்தானே பேசியாக வேண்டும்!

“நீங்க முதல்ல படிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும், அப்புறம் நான் நிம்மதியா படிக்கலாம். அதானே உங்க வாதம்?”

“அதேதான்.”

“உங்க படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும். என்னோட படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் அதுக்குள்ள ஓய்வு பெற்றுடுவார். அந்தப் பிரிவையே மூடப்போறாங்களாம். துறையில போய்க் கேட்டுட்டு வந்தேன்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்டீங்களா?” ஏன்தான் எனக்கு இந்த அழுகை வருமோ — சரியான நேரம் பார்த்து!

“யோசிக்கிறேன்” என்றார்.

அவர்! யோசிக்கிறாராம்!

ஜூலை 12

இருவரும் தேறிவிட்டோம். அவர் தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “இல்லைக்கா, இந்த வருஷம் அவதான் போறா. நான் வீட்ல... நீ வேணா அவகிட்ட பேசிப் பாரேன். ஜெயிச்சா சொல்லு.”

செப்டம்பர் 9

முதல் செமினார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது போன்.

“பாப்பாவோட இன்னொரு ஷூ எங்கே?”

“கட்டிலுக்கு அடியில.”

“அங்க இல்லையே!”

பேருந்து வந்துவிட்டது.

“நல்லாத் தேடுங்க” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.