பேராயருக்குப் போர்த்தாத துப்பட்டி

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுபது வயதில் பக்கத்து வீட்டுத் தபீத்தாளிடம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு வரிக்குக் கால்மணி நேரம் ஆகிறது. இருந்தாலும் இது என் கையெழுத்து என்று நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க என்னால் முடிந்திருக்காது.

நம் பேராயர் இறந்துவிட்டார். பாத் நகர விடுதியில், ஒரு கர்னலின் மனைவியோடு இருந்தபோது உயிர் போயிற்று. எட்டு வருடப் பழக்கமாம். ஆறு குதிரை பூட்டிய வண்டியில் கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே புதைத்தார்கள். கோயில்பிள்ளை வேலை பார்க்கும் நான்தான் குழி வெட்டினேன்.

மணமாகாமல் பிள்ளை உண்டானதற்காக உன்னை வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னவர் அவர்.

"அந்தத் துப்பட்டி எங்கய்யா? இவருக்கும் போத்த வேண்டாமா?" என்று குழியருகே தபீத்தாள் கேட்டாள்.

"செத்தவங்களப் பழிக்கக் கூடாதும்மா" என்றார் குருவானவர்.

"உசுரோட நின்ன புள்ளய மட்டும் பழிக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். இதைக் கேட்க எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

அன்று துப்பட்டியை உன் தோளில் போட்டது என் கைதான். வேலை போய்விடும் என்று பயந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். மறுவாரமே நீ பிரிஸ்டலுக்குப் போய்விட்டாய்.

நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று மட்டும் சொல். அதை எழுதிப் பழக வேண்டும்.

உன் அப்பா